டோபமைன் செல்களும் நடுக்குவாதமும்: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரங்கூனில் ஒரு மருந்துக்கடையில் பல வருஷமாக வேலை செய்கிறேன். எங்கள் வீட்டிலும் பெரியப்பாவுக்கு நடுக்குவாதம், அதாவது பார்கின்சன் நோய். அதனால் கடைக்கு வருகிறவர்களும் கோயிலில் பார்க்கிறவர்களும் இந்த நோயைப் பற்றி என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். நின்றுகொண்டே பாதிப் பதில் சொல்லி அனுப்புவதைவிட, முழுசாக எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று தொகுத்தேன்.

நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டரின் பொறுப்பு. அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது பயன்படும்.

டோபமைன் டோபமைன் என்கிறார்களே, அது என்னங்க?

மூளையில் ஒரு நரம்புச் செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லப் பயன்படுத்தும் ரசாயனங்களில் ஒன்று. நாம் சாப்பிடும் புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதைச் செல் முதலில் லெவோடோபாவாக மாற்றும், பிறகு டோபமைனாக மாற்றும். இந்த லெவோடோபா என்ற பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் பல கேள்விகளில் வரும்.

டோபமைன் என்றாலே சந்தோஷம் தரும் பொருள் என்று செல்போன் வீடியோக்களில் சொல்கிறார்கள். அது பாதிகூட இல்லை. உடம்பை அசைப்பது, ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற உந்துதல், பழக்கம் படிவது, தாய்ப்பால் சுரப்பை அடக்கி வைப்பது என்று அதற்குப் பல வேலைகள் உண்டு.

அதைச் செய்கிற செல்கள் மூளை முழுக்க இருக்குமா?

இல்லை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. நடுமூளையில் டோபமைன் செய்கிறவை அதில் ஏறக்குறைய 4 முதல் 6 லட்சம்தான். வேறு சில இடங்களிலும் கொஞ்சம் உண்டு என்றாலும் பெரிய கூட்டம் இங்கேதான்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு பகுதிகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று சப்ஸ்டான்ஷியா நைக்ரா. அங்குள்ள செல்களில் நியூரோமெலனின் என்ற கருநிறமி சேர்வதால், மூளையை அறுத்துப் பார்த்தால் அந்த இடம் வெறும் கண்ணுக்கே கறுப்புப் பட்டையாகத் தெரியும். நடுக்குவாதத்தில் இறந்தவரின் மூளையில் அந்தப் பட்டை வெளிறிப் போயிருக்கும். இன்னொன்று அதன் பக்கத்திலேயே இருக்கும் விடிஏ என்ற பகுதி. ஆசை, உந்துதல், போதைப் பழக்கம் எல்லாம் இதோடு சம்பந்தப்பட்டவை.

அந்தச் செல் செத்தால் ஏன் கை கால் நடுங்க வேண்டும்?

நைக்ரா செல்கள் தங்கள் நீண்ட இழைகளை ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு அனுப்பி, அங்கே டோபமைனை விடுகின்றன. எந்த அசைவைத் தொடங்குவது, எதை அடக்கி வைப்பது என்று தீர்மானிக்கும் வலைப்பின்னலில் ஸ்ட்ரையேட்டம் முக்கியமான கண்ணி. டோபமைன் குறைந்தால் அடக்கி வைக்கும் பக்கம் ஓங்கிவிடும். நினைத்தாலும் அசைவு சட்டென்று கிளம்பாது, கிளம்பினாலும் சின்னதாக இருக்கும்.

அதனால்தான் டாக்டர்கள் நடுக்கத்தைவிட மெதுவாகிப் போவதையே இந்த நோயின் முதல் அடையாளமாகப் பார்க்கிறார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டித் தட்டிக் காட்டச் சொல்வார்கள். முதலில் நன்றாக விரியும் விரல்கள், பத்துப் பதினைந்து தட்டுக்குள் விரிவு குறைந்து ஒட்டிக்கொள்ளும். நடுக்கமே இல்லாத நடுக்குவாதக்காரர்களும் இருக்கிறார்கள்.

எங்க ஆச்சிக்கு டீ கிளாஸ் பிடிச்சா கை ஆடுது. பார்கின்சன்தானே?

அனேகமாக வேறு. ஒன்றைப் பிடிக்கும்போதும் தூக்கும்போதும் இரண்டு கையும் ஆடி, மடியில் வைத்தால் நின்றுவிடும் நடுக்கம் பரம்பரையாக வரும் வேறு வகை. அதில் டோபமைன் செல்கள் சாவதில்லை, இங்கே சொல்லப்போகும் மாத்திரையும் அதற்கு இல்லை. பார்கின்சன் நடுக்கம் கை சும்மா மடியில் கிடக்கும்போது வரும், வினாடிக்கு 4 முதல் 6 தடவை, மாத்திரை உருட்டுகிற மாதிரி. ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டினால் அடங்கும். தைராய்டு அதிகமானாலும், ஆஸ்துமா மருந்தாலும் கை நடுங்கும். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஒரு பக்கம்தான் இழுக்குது. லே பியத் என்று சொல்லி எண்ணெய் தேய்க்கிறோம். சரியா?

பர்மியர்கள் லே பியத் என்பதும் நாம் பக்கவாதம் என்பதும் மூளைக்கு ரத்தம் போவது தடைபட்டோ, ரத்தக்குழாய் வெடித்தோ சட்டென்று வருவது. காலையில் நன்றாக இருந்தவருக்கு மதியம் வாய் கோணி, கை விழுந்துவிட்டால் அது அவசரம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பார்கின்சனும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும், ஆனால் மாதக்கணக்கில் மெல்ல வரும். நடக்கும்போது ஒரு கை வீசாது. அந்தப் பக்கத் தோள் வலி என்று முதலில் எலும்பு டாக்டரிடம் போனவர்கள் நிறையப் பேர். எண்ணெய் தேய்ப்பதால் இறுக்கம் கொஞ்சம் தளரலாம், அதில் கெடுதல் இல்லை. அதையே வைத்தியம் என்று நம்பி இரண்டு மூன்று வருஷம் ஓட்டுவதுதான் வருத்தமான விஷயம்.

இது எப்போ ஆரம்பிச்சிருக்கும்? போன தீபாவளிக்கு நல்லாத்தானே இருந்தார்?

கை கால் காட்டிக்கொடுக்கும் நேரத்தில், நைக்ராவிலிருந்து வரும் டோபமைனில் பாதிக்கு மேல் போயிருக்கும். மிச்சமுள்ள செல்கள் கூடுதலாக உழைத்து அதுவரை சமாளித்திருக்கும். அதனால் தொடக்கம் பல வருஷம் முன்னால்.

திரும்பிப் பார்த்தால் சில அடையாளங்கள் கிடைக்கும். வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கத்துவது, கை காலை வீசி அடிப்பது. எல்லாருக்கும் எல்லாம் வராது. மலச்சிக்கல் உள்ளவர்கள் எல்லாருக்கும் பார்கின்சன் வரும் என்றும் பயப்பட வேண்டாம்.

கையெழுத்தும் சொல்லும். பெரியப்பா கடைக் கணக்கு நோட்டில் எழுதியதை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு வரியும் தொடங்கும்போது எழுத்து பழைய அளவில் இருக்கிறது, வரி முடிவதற்குள் கடுகு மாதிரி சுருங்கிவிடுகிறது. கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ‘கி’ எது, ‘கீ’ எது என்று தெரியவில்லை. டாக்டரிடம் போகும்போது இப்படிப் பழைய நோட்டு, புது நோட்டு இரண்டையும் எடுத்துப் போங்கள். அவருக்கு அது நல்ல சாட்சி.

எம்ஆர்ஐ எடுத்தோம், நார்மல் என்று வந்தது. அப்போ இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. வழக்கமான எம்ஆர்ஐயில் பார்கின்சன் பெரும்பாலும் தெரியாது. கட்டி, நீர் கோத்தது, பழைய பக்கவாதத் தழும்பு மாதிரி வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. ரத்தப் பரிசோதனை ஒன்றை வைத்தும் உறுதி சொல்ல முடியாது. டோபமைன் இழைகளின் முனைகளைப் படம் பிடிக்கும் டாட் ஸ்கேன் இருக்கிறது, ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது, எல்லாருக்கும் தேவையும் இல்லை. நரம்பு டாக்டர் கையை மடக்கிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, மாத்திரைக்கு எப்படி இணங்குகிறது என்று கவனித்துச் சொல்வதுதான் இன்றும் முதன்மையான வழி.

இத்தனை கோடி செல் இருக்க, ஏன் இந்தச் செல்கள் மட்டும் சாகுது?

முதலில், இவை மட்டும் சாவதில்லை. வாசனை நரம்பு, குடல் நரம்பு, மூளைத்தண்டில் வேறு செல்கள் எல்லாம் பாதிக்கப்படுகின்றன. முன்னால் சொன்ன மலச்சிக்கலும் வாசனை இழப்பும் அதனால்தான். ஆனாலும் நைக்ரா செல்கள் மிகவும் பலவீனமானவை என்பது உண்மை. அவற்றின் உழைப்பு அசாத்தியமானது. மனிதனின் ஒரே ஒரு நைக்ரா செல்லின் கிளைகளை எல்லாம் சேர்த்தால் பல மீட்டர் நீளம் வரும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். யாரும் தூண்டாமலே இடைவிடாது துடித்துக்கொண்டிருக்கும் செல்கள் இவை. ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் உள்ளே வரும், அதை வெளியேற்றச் சக்தி செலவாகும். டோபமைனும் சிதையும்போது செல்லுக்குக் கெடுதலான பொருட்களை விடும்.

இதோடு ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் செல்லுக்குள் தப்பாக மடிந்து கட்டியாகச் சேர்கிறது. ஃபிரெடெரிக் லூயி 1912-ல் நுண்ணோக்கியில் கண்டு எழுதிய உருண்டைகளில் இருப்பது இந்தப் புரதம்தான் என்று 1997-ல் தெரிந்தது. புரதக் கட்டியால் செல் சாகிறதா, சாகிற செல்லில் கட்டி சேர்கிறதா என்பதில் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது.

செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1982-ல் கலிஃபோர்னியாவில் ஒரு கொடுமையான சாட்சி கிடைத்தது. போலி ஹெராயின் போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் சில நாளில் சிலை மாதிரி உறைந்துபோனார்கள். அதில் எம்பிடிபி என்ற கழிவு கலந்திருந்தது. அது மூளைக்குள் போய் விஷமாக மாறி, டோபமைன் செல்களுக்குள் உறிஞ்சப்பட்டு, அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவை முடக்கியது. வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பு டாக்டர் இதைக் கண்டுபிடித்தார்.

தலைசுற்றலுக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நான் அதிகமாகக் கவலைப்படுவதும் இதற்குத்தான். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் தரும் ஃப்ளூனரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோக்ளோபிரமைட், புரோக்ளோர்பெரசின், மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் எல்லாம் டோபமைன் வேலை செய்யும் இடத்தை அடைக்கக்கூடியவை. செல் உயிரோடுதான் இருக்கும், டோபமைனும் சுரக்கும், ஆனால் சேதி போய்ச் சேராது. அசல் பார்கின்சன் மாதிரியே உடம்பு மெதுவாகி இறுகிப்போகும். வயதானவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

இங்கே எல்லா மாத்திரையும் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. ஒரு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த மருந்தை, ‘போட்டா நல்லா இருக்கு’ என்று இரண்டு வருஷம் வாங்கிப் போடுகிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கொடுக்கிறார்கள். மருந்தால் வந்தது என்றால், டாக்டர் சொல்படி நிறுத்தினதும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் சரியாகிவிடும். சிலருக்கு ஏற்கெனவே உள்ளே இருந்த நோயை மருந்து வெளியே கொண்டுவந்திருக்கும், அவர்களுக்கு மறையாது. மனநோய் மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கட்டிவைத்த பொட்டலங்கள் உட்பட. ஸ்கேனைவிட அந்தப் பை பல நேரம் அதிகம் சொல்லும்.

டோபமைன் குறைவு என்றால் டோபமைனையே ஊசியாகப் போடலாமே? எங்க மாமாவுக்கு ஐசியூவில் ஏத்தினாங்களே?

ஐசியூவில் ஏற்றியது ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் தூக்க. ரத்தத்தில் இருக்கும் டோபமைனால் மூளைக்குள் போக முடியாது. ரத்தக்குழாய்க்கும் மூளைக்கும் நடுவில் உள்ள தடுப்பு அதை விடாது. லெவோடோபாவுக்கு அந்தத் தடுப்பில் வழி உண்டு. உள்ளே போனபின் அது டோபமைனாக மாறும்.

லெவோடோபாவை மட்டும் விழுங்கினால் பெரும்பகுதி வழியிலேயே உடம்பில் டோபமைனாக மாறி வாந்தியைக் கிளப்பும். அதனால் கார்பிடோபா அல்லது பென்செரசைட் என்ற துணை மருந்தைச் சேர்த்தே மாத்திரை செய்கிறார்கள். ஆரம்பத்தில் குமட்டல் வந்தால் மெட்டோக்ளோபிரமைட் வாங்கிப் போடாதீர்கள், காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. மூளைக்குள் அதிகம் போகாத டோம்பெரிடோனை டாக்டர் இதயத்தைப் பார்த்துவிட்டுத் தரலாம். லெவோடோபாவால் சிறுநீர் கறுத்துப் போகலாம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

இந்த மருந்தை எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

நம் பக்கத்துச் செடி ஒன்று இந்தக் கதையில் வருகிறது. இந்தியாவிலும் பர்மாவிலும் வளரும் சர்ப்பகந்தி வேரிலிருந்து ரெசர்பின் என்ற ரத்த அழுத்த மருந்தை எடுத்தார்கள். ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசையாமல், காது தொங்கிக் கிடந்தன. லெவோடோபா ஊசி போட்டதும் எழுந்து துள்ளின. அது 1957. மூளையில் டோபமைனுக்கென்று தனி வேலை உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. 2000-ல் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1960-ல் வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச் நடுக்குவாதத்தில் இறந்தவர்களின் மூளையைச் சோதித்து, ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் மிகக் குறைவு என்று காட்டினார். அடுத்த வருஷமே பிர்க்மையரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1967-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் வாய்வழியாகக் கொடுத்து, அளவை மெல்லக் கூட்டும் முறையைக் கொண்டுவந்தார். இத்தனை வருஷம் கழித்தும் இதைவிட நன்றாக வேலை செய்யும் மாத்திரை வரவில்லை.

சீக்கிரம் ஆரம்பிச்சா சீக்கிரமே வேலை செய்யாமப் போயிடுமாமே? தள்ளிப் போடலாமா?

இந்தப் பயத்தால் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது. மருந்து தேய்ந்துபோவதில்லை. நோய் முன்னேறுவதால்தான் பலன் நேரம் குறைகிறது. ஆரம்பத்தில் மிச்சமுள்ள செல்கள் லெவோடோபாவை வாங்கிச் சேமித்து, நிதானமாக விடும். செல்கள் குறையக் குறையச் சேமிக்க ஆள் இல்லை, மருந்து ரத்தத்தில் இருக்கும்வரைதான் பலன். அது ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

2019-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், உடனே தொடங்கியவர்களையும் 40 வாரம் கழித்துத் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். 80 வாரம் முடிவில் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி இருந்தன. சீக்கிரம் தொடங்கியதால் கெடுதலும் வரவில்லை, நோய் முன்னேறுவது குறையவும் இல்லை. அன்றாட வேலைக்குத் தடையாக இருக்கிறது என்றால் அதுதான் தொடங்க வேண்டிய நேரம். அளவு அதிகமாகி வருஷங்கள் போனால் உடம்பு தானாக நெளிவது சிலருக்கு வரும், அதற்கு டாக்டர் அளவைப் பிரித்துத் தருவார்.

காலையில மொய்ங்கா சாப்பிட்டு மாத்திரை போட்டா வேலையே செய்யலை. ஏன்?

மொய்ங்காவில் மீனும் கடலைமாவும் இருக்கின்றன, கூட முட்டையும் போட்டுக்கொள்வோம். புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலும் மூளைத் தடுப்பிலும் ஒரே வாசலில் நெருக்கியடிக்கின்றன. மீன் ஜெயித்தால் மாத்திரை தோற்கும். அவித்த பட்டாணியும் நான் ரொட்டியும், பால் டீயும் அப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரையும் லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால், வெறும் தண்ணீரில் மாத்திரையைப் போடுங்கள். குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். புரதத்தை விட்டுவிடாதீர்கள், உடம்பு மெலிந்துவிடும். சிலர் மீன் கறியையும் பருப்பையும் ராத்திரிக்கு மாற்றிக்கொண்டு பகலில் லேசாக நடமாடுகிறார்கள்.

தீமிதிக்கு விரதம் இருக்கேன். மாத்திரையை விடலாமா? எங்க பாய் வீட்ல நோன்பும் கேட்கிறாங்க.

மாத்திரையை விடக் கூடாது. விரதத்தில் தண்ணீரும் மாத்திரையும் தடை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், வீட்டுப் பெரியவர்களும் ஒத்துக்கொள்வார்கள். ரமலான் நோன்பில் தண்ணீரும் கிடையாது என்பதால் முன்கூட்டியே டாக்டரிடமும், பள்ளிவாசல் இமாமிடமும் பேசுங்கள். நோயாளிகளுக்கு மார்க்கத்தில் விலக்கு உண்டு. தீயில் இறங்குவது வேறு விஷயம். கால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும் நோய் இது. வேண்டுதலைப் பால்குடமாகவோ அன்னதானமாகவோ செலுத்துங்கள்.

பூனைக்காலி விதையில் இதே மருந்து இருக்காமே?

இருக்கிறது. விதையில் லெவோடோபா நூற்றுக்கு நாலைந்து பங்குவரை உண்டு. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் ரொம்ப நாளாகப் புழங்கும் விதை. சின்ன ஆய்வுகளில் பலனும் தெரிந்தது. சிக்கல் என்னவென்றால், பொடிக்குப் பொடி அளவு மாறும், துணை மருந்து கிடையாது. மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் அளவு மீறி, மயக்கம், உடம்பு நெளிவு, இல்லாத உருவம் தெரிவது எல்லாம் வரலாம். போடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சுருட்டு குடிக்கிறவங்களுக்கு இந்த நோய் வராதாமே? கொன்யா போடலாமா?

புகைப்பவர்களிடமும் காப்பி குடிப்பவர்களிடமும் பார்கின்சன் குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காகச் சுருட்டு மருந்தாகாது. நோய் வந்தவர்களுக்கு நிகோடின் பட்டை ஒட்டிப் பார்த்த ஆய்வில் நோய் முன்னேறுவது குறையவில்லை. நுரையீரலும் இதயமும் கெடுவது மட்டும் நிச்சயம்.

கொன்யாவில், அதாவது வெற்றிலைச் சுருளில், உள்ள பாக்கில் அரெகோலின் இருக்கிறது. அது அசெட்டில்கோலின் என்ற இன்னொரு சேதிப் பொருளைப் போல வேலை செய்யும். நடுக்கத்துக்குச் சிலருக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் அதே பொருளை அடக்குகிற மருந்து. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். அதோடு விழுங்குவது சிரமமான நோயில் பாக்குத் தூள் புரை ஏறும். வாய்ப் புற்று பயத்தைச் சொல்லவே வேண்டியதில்லை. விட்டுவிடுவது நல்லது.

மாத்திரை ஆரம்பிச்சதிலேர்ந்து அப்பா தினமும் டூடி கட்டுறார். முன்னால தொட்டதே இல்லை. வயசான காலத்துல புத்தி இப்படிப் போகுமா?

அவர் புத்தியைக் குறை சொல்வதற்கு முன் மாத்திரைப் பெயரைப் பாருங்கள். பிரமிபெக்சால், ரோபினிரோல் என்ற மருந்துகள் டோபமைனைப் போலவே நடித்து, விடிஏ அனுப்பும் ஆசைப் பாதையையும் தட்டிவிடும். அந்தச் செல்கள் எதிர்பாராத வெற்றி கிடைக்கும்போது அதிகமாகத் துடிக்கும் என்று வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் காட்டினார். நாளுக்கு இருமுறை எண் விழும் டூடி என்ற சூதாட்டம் அந்தப் பாதைக்கே தூண்டில் போட்ட மாதிரி. சூதாட்டம் மட்டும் இல்லை. கண்டதை வாங்கிக் குவிப்பது, ராத்திரி எழுந்து சாப்பிடுவது, காம ஆசை மிகுவது எல்லாம் வரலாம். வெட்கத்தால் சொல்லவே மாட்டார்கள்.

டாக்டர் அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். திடீரென்று நீங்களே நிறுத்த வேண்டாம். அதுவரை பணப்பையை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளுங்கள், அவரை அவமானப்படுத்தாமல்.

ராத்திரி ரூம்ல யாரோ உக்காந்திருக்காங்க என்கிறார். மந்திரிக்கலாமா?

நோய் முற்றும்போதோ, மருந்து அளவு கூடும்போதோ இப்படி உருவங்கள் தெரிவது அடிக்கடி நடப்பதுதான். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் வரும், அதை முதலில் பார்க்க வேண்டும். ஸ்கிஸோஃப்ரீனியா என்ற மனநோயில் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் வேலை மிகுந்திருக்கும். 1952-ல் வந்த குளோர்புரோமசின் தொடங்கி அதற்கான மருந்துகள் டோபமைனை அடைப்பவை. பார்கின்சன்காரருக்கு ஹாலோபெரிடால் போட்டால் ஆளே முடங்கிவிடுவார். ஆஸ்பத்திரியில் அவசரத்தில் போட வந்தால் ‘இவருக்குப் பார்கின்சன்’ என்று சொல்லுங்கள். குவெட்டியபின், குளோசபின் மாதிரி வேறு மருந்துகள் இருக்கின்றன.

விபூதி பூசுவதும் சாமி கும்பிடுவதும் வீட்டாருக்குத் தெம்பு, செய்யுங்கள். அதோடு டாக்டரையும் பாருங்கள்.

யாபா போடுற பையனுக்கு இந்த நோய் வருமா?

யாபா என்ற போதை மாத்திரையில் உள்ள மெத்தம்ஃபெட்டமின், செல்லில் சேர்த்துவைத்த டோபமைனை எல்லாம் ஒரேயடியாக வெளியே கொட்டவைக்கும். திரும்பத் திரும்ப நடந்தால் இழை முனைகள் கருகும். அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளில் இதைப் பயன்படுத்தியவர்களுக்குப் பார்கின்சன் அதிகம் வந்திருந்தது. எல்லாருக்கும் வரும் என்று இல்லை. விட்டபிறகு மாதக்கணக்கில் எதிலும் ஆசை இல்லாமல் சோர்ந்து கிடப்பான், அது சோம்பேறித்தனம் இல்லை. அந்த நேரத்தில் வீட்டார் திட்டாமல் பக்கத்தில் இருப்பது ரொம்ப முக்கியம்.

அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வருமா? வயலுக்கு மருந்து அடிச்சதாலயா?

பெரும்பாலானவர்களுக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்காது. எல்ஆர்ஆர்கே2, ஜிபிஏ, பார்க்கின் என்ற மரபணுக்களில் மாற்றம் இருந்தால் வாய்ப்புக் கூடும். 60 வயதுக்கு மேல் நூற்றில் ஒருவருக்கு வருகிற நோய் இது. அப்பாவுக்கு இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு சற்று அதிகம், அவ்வளவுதான். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பத்தில் 40 வயதுக்குள் வந்தால் மட்டும் டாக்டரிடம் மரபணு பற்றிக் கேளுங்கள்.

பராகுவாட், ரோட்டினோன் என்ற மருந்துகளோடு புழங்கியவர்களிடம் நோய் அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. எம்பிடிபி விஷம் மாதிரியே ரோட்டினோனும் மைட்டோகாண்ட்ரியாவை அடிப்பது. பெகு, தட்டோன் பக்கம் வயல் வைத்திருக்கும் நம் ஆட்கள் வெறும் கையால் கலக்கி, சட்டையில்லாமல் அடிக்கிறார்கள். கையுறை போடுங்கள், வந்ததும் குளியுங்கள், காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

பாங்காக் போய் ஆபரேஷன் பண்ணினா குணமாகிடுமா? ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

மூளையில் மின்கம்பி வைக்கும் சிகிச்சையை 1987-ல் பிரான்சின் கிரனோபிளில் பெனாபிட் குழு தொடங்கியது. லெவோடோபாவுக்கு நன்றாக இணங்கி, ஆனால் பலன் ஏறி இறங்கித் தொல்லை தருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. மாத்திரைக்கு அசையாத பிரச்சினை கம்பிக்கும் பெரும்பாலும் அசையாது, நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. செல் சாவதை அது நிறுத்தாது. லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் இதை நேராகக் கேளுங்கள்.

ஸ்டெம் செல்லிலிருந்து டோபமைன் செல்லை வளர்த்து மூளையில் வைத்த முதல்கட்ட முடிவுகள் 2025-ல் வெளிவந்தன. ஜப்பானின் கியோட்டோவில் 7 பேருக்கும், வட அமெரிக்காவில் 12 பேருக்கும் செய்தார்கள். பெரிய பாதுகாப்புச் சிக்கல் வரவில்லை, ஸ்கேனில் செல்கள் டோபமைன் செய்வதும் தெரிந்தது. நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் இன்னும் சோதனைதான். இன்று காசு வாங்கிக்கொண்டு கையிலோ முதுகிலோ ‘ஸ்டெம் செல்’ ஊசி போடுகிறவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வாசப்படியில கால் அப்படியே ஒட்டிக்குது. தள்ளிவிட்டா விழுந்துடுறார்.

தள்ளவும் இழுக்கவும் வேண்டாம். தானாக நடக்கும் பாதை அடைபட்டிருக்கிறது, கண்ணால் பார்த்துச் செய்யும் பாதை திறந்திருக்கிறது. வாசப்படிக்கு முன்னால் தரையில் கலர் டேப்பைக் குறுக்கே ஒட்டுங்கள், ஒரு அடிக்கு ஒன்றாக. அதைத் தாண்டச் சொன்னால் கால் எழும்பும். டேப் இல்லாத இடத்தில் உங்கள் பாதத்தை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்துத் தாண்டச் சொல்லுங்கள். ‘ஒண்ணு ரெண்டு’ என்று தாளம் போட்டாலும் நடக்கிறார்கள். தினமும் நடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு நிலை தடுமாறுவது குறைகிறது.

கடையில மாத்திரை இல்லைங்கறாங்க. ரெண்டு நாள் விட்டா என்ன ஆகும்?

மருந்து வரத்து நின்று நின்று வரும் காலம் இது, அதனால் இதைக் கடைசியாக வைத்தேன். லெவோடோபாவைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு கட்டைபோல் இறுகி, கடும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம். உயிருக்கே ஆபத்து. அப்படி ஆனால் ஆஸ்பத்திரிதான், வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். கம்பெனிப் பெயரை மட்டும் நம்பாமல், உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். லெவோடோபா 100, கார்பிடோபா 25 என்று எழுதியிருந்தால், வேறு கம்பெனியின் அதே அளவு மாத்திரையை எந்தக் கடையிலும் கேட்கலாம். கார்பிடோபா 10 என்று இருந்தால் அது வேறு, டாக்டரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். மெல்லக் கரையும் வகை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. பத்து மாத்திரைதான் மிச்சம் என்ற நிலையிலேயே டாக்டருக்குப் போன் பண்ணுங்கள், தீர்ந்தபிறகு வேண்டாம்.